சிதைந்த கோப்பு முறைமையும் பிழைச்செய்தியின் மொழியும்

1. முன்னுரை

கணினியில் சேமிக்கப்படும் எழுத்து, எண், படம் ஆகிய அனைத்தும் வட்டில் வெறும் இலக்க வரிசைகளாகவே கிடக்கின்றன. எந்த வரிசை எந்தக் கோப்புக்கு உரியது, அது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது, அதன் பெயர் யாது, உரிமையாளர் யார் என்பனவற்றைக் கணக்கெழுதி வைக்கும் ஒழுங்கே கோப்பு முறைமை எனப்படுகிறது. இக்கணக்கு கெடுமாயின் கோப்புகள் வட்டில் இருந்தும் இல்லாதவை ஆகிவிடுகின்றன. அந்நிலையில் இயக்க முறைமை வெளியிடும் சில சொற்களே கணினியைப் பயன்படுத்துவோருக்குக் கிடைக்கும் முதற்சான்று. பல வேளைகளில் அதுவே ஒரே சான்றாகவும் அமைந்துவிடுகிறது.

அச்சொற்களைப் படிப்பவர் உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கணினியை நிறுத்துவதா, வட்டைப் படியெடுப்பதா, பழுதுநீக்கும் நிரலை இயக்குவதா, அல்லது மீண்டும் ஒருமுறை முயன்று பார்ப்பதா என்பது அவர்முன் நிற்கும் வினா. இவற்றுள் சில மீட்க இயலாத செயல்கள். பழுதுநீக்கும் நிரல் கணக்கை ஒழுங்குபடுத்தவே எழுதப்பட்டது. கோப்பின் உள்ளடக்கத்தைக் காப்பது அதன் முதற்பணி அன்று. கணக்கில் பொருந்தாத ஒன்றை அது நீக்கவும் கூடும். ஆதலின் பிழைச்செய்தியில் உள்ள ஒரு சொல்லின் பிறழ்ச்சி பல ஆண்டுக்கால உழைப்பின் இழப்பாக முடிதல் கூடும்.

இத்தகைய பிழைச்செய்திகளை ஒரு மொழிவழக்காகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயக்க முறைமைகளில் வழங்கும் செய்திகள் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கண்டதையும் கருதியதையும் செய்யவேண்டியதையும் பிரித்துக் கூறும் செய்தியே பயனுள்ள செய்தி என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

2. சிதைவு என்பது யாது

பிழைச்செய்தியின் இயல்பை உணர்வதற்குச் சிதைவு எவ்வாறு அறியப்படுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கோப்பு முறைமையின் தொடக்கத்தில் சூப்பர்பிளாக் எனப்படும் தலைமைத் தொகுதி ஒன்று உண்டு. முறைமையின் வகை, அளவு, தொகுதிகளின் எண்ணிக்கை முதலியன அதில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் எனப்படும் குறிப்பு ஒன்று உண்டு. அக்கோப்பு எந்தெந்தத் தொகுதிகளில் உள்ளது என்பதை அது காட்டும். அடைவு என்பது பெயரையும் ஐநோட் எண்ணையும் இணைக்கும் பட்டியல். எந்தத் தொகுதி பயன்பாட்டில் உள்ளது, எது வெறுமையாக உள்ளது என்பதைத் துணுக்குப்படம் காட்டும்.

இவை ஒன்றோடொன்று ஒத்திருத்தல் வேண்டும். ஐநோட் காட்டும் தொகுதி முறைமையின் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஒரே தொகுதியை இரு கோப்புகள் உரிமை கொண்டாடுதல் கூடாது. லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகிய மூன்று கோப்பு முறைமைகளின் தலைமைத் தொகுதியிலும் 61267 என்னும் அடையாள எண் குறித்த இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அவ்விடத்தில் வேறு எண் காணப்பட்டால் அத்தொகுதி ஏற்கப்படுவதில்லை.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னல் அறிவது ஒவ்வாமை ஒன்றை மட்டுமே. இருக்க வேண்டிய எண் ஒன்று, இருக்கும் எண் வேறொன்று என்பதே அதன் அறிவின் எல்லை. அவ்வொவ்வாமைக்கு வட்டின் தேய்வு, மின்தடை, நினைவகத்தில் ஓர் இலக்கம் மாறியமை, கெர்னல் நிரலிலேயே உள்ள பிழை, தவறான சாதனத்தைப் பயனர் சுட்டியமை என்று காரணங்கள் பல இருக்கலாம். எது காரணம் என்பதை அந்நொடியில் கெர்னல் அறியாது. அறியாத ஒன்றை அறிந்ததுபோலக் கூறும்போதும், அறிந்த ஒன்றைக் கூறாது விடும்போதும் செய்தி குற்றமுடையதாகிறது.

3. கேட்போர் மூவர்

பிழைச்செய்தியைப் படிப்போர் மூவகையினர். முதலாமவர் கணினியைப் பயன்படுத்துபவர். தம் கோப்பு பிழைத்ததா என்பதே அவர் வினா. இரண்டாமவர் கணினியைப் பராமரிக்கும் நிர்வாகி. அடுத்துச் செய்யவேண்டியது யாது என்பது அவர் வினா. மூன்றாமவர் அந்நிரலை எழுதியவர் அல்லது திருத்துபவர். எந்தச் சோதனை எந்த இடத்தில் தோற்றது என்பது அவர் வினா.

பெரும்பாலான செய்திகள் மூன்றாமவருக்காகவே எழுதப்படுகின்றன. எழுதுபவரும் அவரே என்பது இதற்குக் காரணம். எக்ஸ்ட்4 முறைமையின் பிழைச்செய்தி சாதனத்தின் பெயர், சோதனை செய்த செயற்கூற்றின் பெயர், மூலநிரலில் வரி எண், ஐநோட் எண், அப்போது இயங்கிக்கொண்டிருந்த நிரலின் பெயர் ஆகியவற்றை முறையாகத் தருகிறது. திருத்துபவருக்கு இது பெருந்துணை. ஆனால் இயங்கிக்கொண்டிருந்த நிரலின் பெயர் அங்கு ஏன் இடம்பெறுகிறது என்பது செய்தியில் கூறப்படுவதில்லை. அந்நிரல் சிதைவைச் சந்தித்தது என்பதே பொருள். சிதைவை உண்டாக்கியது என்பது பொருளன்று. கோப்புகளின் பட்டியலைக் கேட்ட எளிய ஆணையைக் குற்றவாளி எனக் கருத இத்தொடரமைப்பு இடந்தருகிறது.

பால் கிரைஸ் 1975இல் வெளியான தம் கட்டுரையில் உரையாடலுக்கு அளவு, தன்மை, தொடர்பு, முறை என நான்கு நெறிகளை வகுத்தார். வேண்டிய அளவு கூறுதல், சான்றுள்ளதையே கூறுதல், பொருத்தமானதைக் கூறுதல், தெளிவாகக் கூறுதல் என்பன அவற்றின் சாரம். உரையாடலில் ஐயம் எழுந்தால் கேட்பவர் மீண்டும் வினவலாம். பிழைச்செய்தியில் அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் இந்நெறிகள் இங்கு இன்னும் கடுமையாகப் பொருந்துகின்றன.

4. செய்திகளில் காணப்படும் குற்றங்கள்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து எனத் தமிழ் இலக்கணிகள் வகுத்துள்ளனர். நூலுக்குக் கூறிய அவ்வகைப்பாடு சில சொற்களால் ஆன பிழைச்செய்திக்கும் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. அவற்றுள் ஐந்து இங்குக் கொள்ளப்படுகின்றன.

4.1 குன்றக் கூறல்

யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கெர்னல் ஒரு வேண்டுகோளை மறுக்கும்போது ஓர் எண்ணை மட்டுமே திருப்பித் தருகிறது. அவ்வெண்ணுக்கு உரிய தொடரைப் பயன்பாட்டு நிரல் திரையில் காட்டுகிறது. 5 என்னும் எண்ணுக்கு 'உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை' என்பது பொருள். வட்டு படிக்க இயலாது போயினும் இத்தொடரே வரும். கம்பி கழன்றிருப்பினும் இத்தொடரே வரும். எக்ஸ்ட்4 முறைமையில் கட்டமைப்புச் சிதைவுக்கும் நெடுநாள் இதே எண்ணே வழங்கியது. வட்டு கெட்டதா, வட்டில் எழுதிய கணக்கு கெட்டதா என்பது தீர்வையே மாற்றும் வேறுபாடு. முன்னதற்கு வட்டை உடனே படியெடுத்தல் வேண்டும். பின்னதற்கு வட்டை மாற்றுவதால் பயனில்லை. 2015இல் எழுதப்பட்ட மாற்றத்தின் மூலம் எக்ஸ்ட்4 இவ்விரண்டையும் வெவ்வேறு எண்களால் குறிக்கத் தொடங்கியது.

4.2 வழூஉச்சொல் புணர்த்தல்

அவ்வாறு பிரித்தபோது வேறொரு குற்றம் புகுந்தது. சிதைவைக் குறிக்க எக்ஸ்.எஃப்.எஸ். முறைமை முன்பே கையாண்டுவந்த 117 என்னும் எண்ணே எக்ஸ்ட்4 முறைமைக்கும் கொள்ளப்பட்டது. பரவலாக வழங்கும் கணினிகளில் இவ்வெண்ணுக்கு உரிய தொடர் 'கட்டமைப்புக்குத் துப்புரவு தேவை' என்பதாகும். இதற்கு அடுத்துள்ள 118, 119 ஆகிய எண்கள் ஜெனிக்ஸ் என்னும் பழைய இயக்க முறைமையின் பெயரைத் தாங்கிய தொடர்களைக் கொண்டவை. வேறொரு தேவைக்காக அமைந்த எண், ஏற்கெனவே இருக்கிறது என்னும் காரணத்தால் புதிய பொருளுக்கு ஆளப்பட்டது. எண்ணோடு பழைய சொல்லும் வந்து சேர்ந்தது. தம் கோப்புகளை இழக்கும் நிலையில் உள்ளவர் 'துப்புரவு' என்னும் சொல்லைக் கண்டால் அச்சம் கொள்ளார். தேவையற்ற கோப்புகளை நீக்கச் சொல்கிறது என்று கருதினாலும் வியப்பில்லை. சரிபார்ப்புத் தொகை ஒவ்வாமைக்கு எடுத்துக்கொண்ட எண்ணுக்கோ 'தவறான செய்தி' என்பது தொடர். கோப்பு முறைமைக்கும் அதற்கும் பொருள்தொடர்பு ஏதுமில்லை.

4.3 மயங்க வைத்தல்

கோப்பு முறைமையைக் கணினியோடு இணைக்கும் மவுண்ட் என்னும் ஆணை தோல்வியுறும்போது வரும் செய்தி பலரும் அறிந்தது. முறைமையின் வகை தவறு, விருப்பத்தேர்வு தவறு, தலைமைத் தொகுதி கெட்டது, எழுத்துக்குறி அட்டவணையோ துணைநிரலோ இல்லை, அல்லது வேறு பிழை என்று அது அடுக்கிச் செல்கிறது. எதுவும் விடுபடவில்லை, ஆனால் எதுவும் கூறப்படவுமில்லை. தட்டச்சுப் பிழைக்கும் முழு வட்டின் அழிவுக்கும் ஒரே தொடர் வருகிறது. இந்நிரலின் பிற்காலப் பதிப்புகள் கெர்னலின் செய்திப் பதிவைக் காணுமாறு வழிகாட்டும் தொடர் ஒன்றைச் சேர்த்துள்ளன. குறை முழுதும் நீங்காவிடினும் படிப்பவர் அடுத்துச் செல்லவேண்டிய இடம் சுட்டப்படுகிறது.

எக்ஸ்.எஃப்.எஸ். முறைமையின் 'நினைவகத்தில் உள்ள தரவு சிதைந்துள்ளது. கோப்பு முறைமை நிறுத்தப்படுகிறது' என்னும் செய்தியும் இவ்வகையினது. கணினியின் நினைவகச் சில்லு பழுதுற்றது என்று இதற்குப் பொருள்கொள்ள இடமுண்டு. நினைவகத்தில் வைத்துக் கையாளப்படும் கணக்கில் ஒவ்வாமை காணப்பட்டது என்பதே கருதப்பட்ட பொருள். அதனை வட்டில் எழுதுவதற்குமுன் முறைமை தன்னை நிறுத்திக்கொண்டது என்பது உண்மையில் ஆறுதல் தரும் செய்தி. அவ்வாறுதல் தொடரில் இடம்பெறவில்லை.

4.4 கூறியது கூறல்

சிதைந்த அடைவு ஒன்றை ஒரு நிரல் மீண்டும் மீண்டும் அணுகினால் அதே செய்தி ஆயிரக்கணக்கான முறை வெளிப்படும். கெர்னலின் செய்திப் பதிவு வட்டமான கொள்கலன். நிரம்பியதும் பழையதன்மீது புதியது எழுதப்படும். சிதைவின் தோற்றத்தைக் காட்டிய முதற்செய்தி இவ்வாறு அழிந்துவிடுகிறது. லினக்ஸ் கெர்னல் இதனைத் தடுக்க 5 நொடிக்குப் பத்துச் செய்தி என்னும் அளவில் வரம்பிடும் வழக்கத்தைக் கொண்டுள்ளது. ஆராய்வோருக்கு மிகத் தேவையானது முதற்செய்தியே ஆதலின் இவ்வரம்பு மொழிச் சிக்கனம் மட்டுமன்று, சான்றின் காப்பும் ஆகும்.

4.5 நின்று பயனின்மை

பிழை கண்டதும் எக்ஸ்ட்4 முறைமை தொடர்ந்து இயங்கலாம், படிப்பதற்கு மட்டும் உரியதாக மாறலாம், அல்லது கணினியையே நிறுத்தலாம். நிர்வாகி இம்மூன்றில் ஒன்றை முன்னரே தேர்ந்து வைக்கலாம். படிப்பதற்கு மட்டும் உரியதாக மாறினால் அவ்வட்டில் எதுவும் எழுத இயலாது. செய்திகளைச் சேமிக்கும் கோப்பும் அதே வட்டில் இருந்தால் சிதைவைப் பற்றிய செய்தியைச் சேமிக்க இடமின்றிப் போகிறது. எவ்வளவு சிறந்த தொடராயினும் நிலைபெறாத செய்தியால் பயனில்லை. இதற்குத் தீர்வாக எக்ஸ்ட்4 முறைமை முதற்பிழையின் காலம், செயற்கூறு, வரி எண், ஐநோட் எண், தொகுதி எண் ஆகியவற்றையும் கடைசிப் பிழையின் விவரத்தையும் பிழைகளின் மொத்த எண்ணிக்கையையும் தலைமைத் தொகுதியிலேயே குறித்துவைக்கிறது. கணினி மீண்டும் இயங்கும்போது அக்குறிப்பு நாள்தோறும் நினைவூட்டப்படுகிறது.

5. நற்செய்தியின் கூறுகள்

குற்றங்களைக் கண்டபின் அவற்றிலிருந்து நீங்கிய செய்திகளையும் காணுதல் தகும். அவை நான்கு கூறுகளைக் கொண்டிருக்கின்றன.

முதற்கூறு, கண்டதைக் கண்டவாறே கூறுதல். இருக்க வேண்டியது, இருப்பது, இடம் என்னும் மூன்றும் இதில் அடங்கும். 'சிதைவு' என்னும் தீர்ப்பைவிட 'வேண்டிய எண் இது, காணப்பட்ட எண் இது' என்னும் சான்று மேலானது. எக்ஸ்.எஃப்.எஸ். முறைமையின் ஐந்தாம் வடிவில் ஒவ்வொரு கணக்குத் தொகுதியும் அடையாள எண், சரிபார்ப்புத் தொகை, முறைமையின் தனிப்பெயர், வட்டில் தன் இருப்பிடம், தன் உரிமையாளர் ஆகியவற்றைத் தன்னுள்ளேயே தாங்கியுள்ளது. ஆதலின் சரிபார்ப்புத் தொகை பொருந்தாமை வேறு, தொகை பொருந்தியும் உள்ளடக்கம் ஒவ்வாமை வேறு என அம்முறைமை இருவகைச் செய்திகளைத் தர இயல்கிறது. முன்னது எழுதிய பிறகு நேர்ந்த மாற்றத்தையும், பின்னது எழுதும்போதே நேர்ந்த தவற்றையும் பெரும்பாலும் சுட்டும். நல்ல செய்திக்கு நல்ல சொல் மட்டும் போதாது, சொல்வதற்குரிய சான்றைத் தரவமைப்பிலேயே முன்கூட்டி வைத்திருத்தலும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் கூறு, கருதியதை நிபந்தனையோடு கூறுதல். எக்ஸ்ட் வகை முறைமைகளைச் சரிபார்க்கும் இ2எஃப்.எஸ்.சி.கே. என்னும் நிரல் தலைமைத் தொகுதியைப் படிக்க இயலாதபோது தரும் செய்தி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தலைமைத் தொகுதியைப் படிக்க இயலவில்லை, அல்லது அது தகுதியான முறைமையைக் குறிக்கவில்லை என்று அது முதலில் கண்டதைக் கூறுகிறது. சாதனம் சரியானதாக இருந்து, அதில் உண்மையிலேயே எக்ஸ்ட் வகை முறைமை இருக்குமாயின், தலைமைத் தொகுதி சிதைந்துள்ளது என்று பின்னர் நிபந்தனையோடு முடிவுக்கு வருகிறது. மாற்றுத் தலைமைத் தொகுதியைக் கொண்டு முயன்று பார்க்கலாம் என்று இறுதியில் வழி கூறி, அதற்குரிய ஆணையையும் தருகிறது. பயனர் தவறான வட்டைச் சுட்டியிருக்கக்கூடும் என்பதை மறவாத செய்தி இது. வேறொரு முறைமை உள்ள வட்டின்மீது பழுதுநீக்கத்தை ஏவிவிடும் இடர் இந்நிபந்தனைத் தொடரால் தடுக்கப்படுகிறது.

மூன்றாம் கூறு, செயலையும் அதன் விளைவையும் வரிசையோடு கூறுதல். எக்ஸ்.எஃப்.எஸ். முறைமைக்குரிய பழுதுநீக்கும் நிரல், இன்னும் நிறைவேறாத மாற்றங்கள் நிகழ்பதிவேட்டில் இருப்பதைக் கண்டால் பழுதுநீக்க மறுக்கிறது. முறைமையை முதலில் இணைத்து அம்மாற்றங்களை நிறைவேற்றி, பிறகு பிரித்து, மீண்டும் தன்னை இயக்குமாறு அது கூறுகிறது. இணைக்கவே இயலாவிடில் நிகழ்பதிவேட்டை அழிக்கும் விருப்பத்தேர்வைக் கூறி, அவ்வாறு அழித்தல் சிதைவை உண்டாக்கலாம் என்று எச்சரித்து, முதலில் இணைக்க முயலுமாறு மீண்டும் வேண்டுகிறது. இடரற்ற வழி முன்னும் இடருள்ள வழி பின்னும் நிற்பது கருதத்தக்கது. இதற்கு மாறாக, எம்.எஸ். டாஸ் முறைமையில் வட்டுப்பிழை நேர்ந்தபோது 'கைவிடவா, மீண்டும் முயலவா, பொருட்படுத்தாது செல்லவா' என்னும் வினா மட்டுமே வந்தது. தெரிவுகள் இருந்தன, எதனைத் தெரிந்தால் என்ன நேரும் என்பது இல்லை.

நான்காம் கூறு, இழந்தது எது, எஞ்சியது எது என்பதைப் பயனரின் சொற்களில் கூறுதல். இசட்.எஃப்.எஸ். முறைமையின் நிலையறிக்கை நிலை, செயல், காண்க என்னும் தலைப்புகளில் அமைகிறது. மீட்க இயலாத பிழை நேர்ந்த கோப்புகளை அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. காப்புப்படியிலிருந்து எவற்றை மீட்கவேண்டும் என்பது பயனருக்கு உடனே தெரிகிறது. ஒவ்வொரு வகைச் செய்திக்கும் நிலையான குறியீட்டு எண் தரப்பட்டிருப்பதால் தொடர் மாறினும் மொழி மாறினும் விளக்கத்தைத் தேடிக்கொள்ள இயலும்.

இக்கூறுகள் புதியன அல்ல. யூனிக்ஸின் பழைய சரிபார்ப்பு நிரலாகிய எஃப்.எஸ்.சி.கே. பற்றி மெக்கூசிக், கோவால்ஸ்கி ஆகிய இருவர் எழுதிய ஆவணம் பெர்க்லி யூனிக்ஸ் கையேடுகளில் இடம்பெற்றது. அதன் பிற்சேர்க்கை, நிரல் தரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பொருள் யாது, 'ஆம்' என்றால் நேர்வது யாது, 'இல்லை' என்றால் நேர்வது யாது என விளக்குகிறது. எந்த அடைவிலும் பெயரில்லாத கோப்பைக் கண்டால் அந்நிரல் அதன் உரிமையாளர், அளவு, கடைசியாக மாற்றிய காலம் ஆகியவற்றைக் காட்டிய பின்னரே மீண்டும் இணைக்கலாமா என வினவியது. முடிவெடுப்பதற்கு வேண்டிய சான்றை வினாவோடு சேர்த்தளிக்கும் நெறி அன்றே தோன்றிவிட்டது.

6. நிரலமைப்பு விதிக்கும் தடை

இந்நெறிகள் அறியப்பட்டிருந்தும் செய்திகள் குன்றியே வருவதற்கு நிரலமைப்பும் ஒரு காரணம். சோதனை நிகழ்வது கெர்னலின் ஆழத்தில். பயனர் இருப்பது மேற்பரப்பில். இடையில் பல அடுக்குகள் உள்ளன. ஆழத்தில் உள்ள செயற்கூறு எந்தத் தொகுதி, எந்த எண் என்பதை நன்கறியும்; ஆனால் அது மேலே அனுப்புவது ஓர் எண்ணை மட்டுமே. மேலே உள்ள நிரல் பயனரின் மொழியை அறியும், நிகழ்ந்ததை அறியாது. அறிந்தது பேசவில்லை, பேசுவது அறியவில்லை.

லினக்ஸில் இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சி நிகழ்ந்துள்ளது. 2019இல் வெளியான 5.2ஆம் பதிப்பு கோப்பு முறைமையை இணைப்பதற்குப் புதிய வேண்டுகோள் முறைகளை அறிமுகப்படுத்தியது. இவற்றில் தோல்விக்கான காரணத்தைக் கெர்னல் ஒரு தொடராகவே எழுதிவைக்கவும், இணைப்பைக் கோரிய நிரல் அதனைப் படித்துக்கொள்ளவும் வழியுண்டு. எண் என்னும் குறுகிய வாயில் சொல் நுழையும் அளவுக்கு அகலமாகியுள்ளது.

நிரலாளர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஒரு சோதனையை எழுதும்போதே, அது தோற்றால் படிப்பவர் எதனை அறியவேண்டும் என்று எண்ணி அம்மதிப்புகளைச் செய்தியில் சேர்த்தல் வேண்டும். சிதைவுச் சோதனைகள் அரிதாகவே தோற்பவை. அவற்றின் செய்திகளும் அரிதாகவே படித்துப் பார்க்கப்படுகின்றன. வேண்டுமென்றே ஒரு படிவத்தைச் சிதைத்து, வரும் செய்தியை நிரலை எழுதாத ஒருவரிடம் படிக்கக் கொடுப்பதே நம்பத்தக்க தேர்வாகும்.

7. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

லினக்ஸ் கெர்னலின் செய்திகள் மொழிபெயர்க்கப்படுவதில்லை. பயனர் நிலையில் இயங்கும் இ2எஃப்.எஸ்.சி.கே. போன்ற நிரல்களின் செய்திகளைக் கெட்டெக்ஸ்ட் என்னும் வசதியின் வழியாக மொழிபெயர்க்கலாம். தமிழில் பெயர்க்கும்போது மூன்று சிக்கல்கள் எதிர்ப்படும்.

முதலாவது உருபனியல் சார்ந்தது. இ2எஃப்.எஸ்.சி.கே. நிரலில் அடிக்கடி வரும் சொற்கள் ஒரு குறியும் ஓர் எழுத்தும் கொண்ட சுருக்கங்களால் எழுதப்பட்டுள்ளன. தொகுதி, அடைவு, ஐநோட், துணுக்குப்படம் முதலியன அவ்வாறு சுருக்கப்பட்டு, செய்தி வெளிப்படும்போது முழுச்சொல்லாக விரிகின்றன. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வேற்றுமையால் திரிவதில்லை. ஆதலின் இம்முறை அங்குச் செல்லும். தமிழிலோ 'தொகுதி' என்பது 'தொகுதியை' என உடம்படுமெய் பெறும். 'துணுக்குப்படம்' என்பது 'துணுக்குப்படத்தில்' என அத்துச்சாரியை பெறும். விரிந்த சொல்லின்பின் உருபை ஒட்டினால் வழுவான வடிவமே கிடைக்கும். சுருக்கத்தைக் கைவிட்டு முழுத்தொடரையும் எழுதுவதே தமிழுக்குப் பொருந்துவது.

இரண்டாவது தொடரியல் சார்ந்தது. ஐநோட்டின் இணைப்பு எண்ணிக்கை தவறாக இருக்கும்போது, இருக்கும் எண்ணை முதலிலும் 'இருக்க வேண்டியது' என்னும் சொல்லை அடுத்தும் சரியான எண்ணை அதன் பின்னும் ஆங்கிலச் செய்தி தருகிறது. அவ்வரிசையை அப்படியே தமிழில் வைத்தால் எது உள்ளது, எது வேண்டியது என்பது மயங்கும். 'எண்ணிக்கை 2 என உள்ளது. 1 என இருத்தல் வேண்டும்' என வினையை இறுதியில் நிறுத்தினால் மயக்கம் இல்லை.

மூன்றாவது பொருண்மை சார்ந்தது. பழைய நிரல் முதலாகவே இச்செய்திகளில் வரும் 'கிளியர்' என்னும் சொல் ஐநோட்டை வெறுமையாக்குதலைக் குறிக்கிறது. அதாவது அக்கோப்பை இல்லாமற் செய்தல். இதனைத் 'துடைக்கவா' என்றோ 'தூய்மை செய்யவா' என்றோ பெயர்த்தால் செயலின் கடுமை மறைந்துவிடும். 'இக்கோப்பின் குறிப்பை அழிக்கலாமா? அழித்தபின் மீட்க இயலாது' என்பதே பொருளை முழுமையாகத் தரும். 'அழிக்கலாமா' என்னும் வடிவம் இசைவு கேட்கிறது. முடிவு பயனருடையது என்பதையும் உணர்த்துகிறது.

மேற்கண்டவற்றைக் கருத்திற்கொண்டு தமிழில் ஒரு மாதிரிச் செய்தியைப் பின்வருமாறு அமைக்கலாம்:

"இரண்டாம் வட்டின் முதற்பகுதி: ஐநோட் 4182 காட்டும் தொகுதி எண் 91750. இம்முறைமையில் உள்ள கடைசித் தொகுதியின் எண் 65535. இதனால் மேலும் கேடு நேராதவாறு இப்பகுதி படிப்பதற்கு மட்டும் உரியதாக மாற்றப்பட்டுள்ளது. பிற கோப்புகளைப் படிக்க இயலலாம். முதலில் அவற்றைப் படியெடுக்க. அதன்பின் இப்பகுதியைப் பிரித்துச் சரிபார்ப்பு நிரலை இயக்குக."

இதில் கண்டது, இயக்க முறைமை தானே செய்தது, எஞ்சியது, செய்யவேண்டியது ஆகியன தனித்தனித் தொடர்களில் நிற்கின்றன. காரணம் கூறப்படவில்லை, ஏனெனில் அது அறியப்படவில்லை. 'இயலலாம்' என்னும் சொல் உறுதியின்மையை மறைக்காது காட்டுகிறது. ஏவலுக்கு வியங்கோள் வடிவம் ஆளப்பட்டுள்ளது. கட்டளையின் கடுமையின்றிச் செயலை விதிக்க அவ்வடிவம் ஏற்றது.

8. முடிவுரை

சிதைந்த கோப்பு முறைமையைப் பற்றிய பிழைச்செய்தி, அறிவுறுத்தும் கூற்று மட்டுமன்று. மீட்க இயலாத செயல் ஒன்றுக்குப் படிப்பவரைத் தூண்டவோ அதிலிருந்து தடுக்கவோ வல்ல கூற்றும் ஆகும். கெர்னல் அறிவது ஒவ்வாமையை மட்டுமே ஆதலின் அதனை இடத்தோடும் எண்ணோடும் கூறுதல், காரணத்தை நிபந்தனையின்றிக் கூறாமை, இடரற்ற செயலை முன்வைத்தல், எஞ்சியதை அறிவித்தல் என்பன அதன் கடமைகள். செய்தி நிலைபெறுவதற்கான இடமும் முன்னரே ஒதுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

தமிழில் இச்செய்திகளை ஆக்குவோர் சொற்களைப் பெயர்ப்பதோடு நில்லாமல், அச்சொற்களைப் படித்தபின் ஒருவர் என்ன செய்வார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலைச்சொல் பட்டியல் மட்டும் இதற்குப் போதாது. சரிபார்ப்பு நிரல் ஒன்றின் செய்திகள் முழுவதையும் எடுத்து, ஒவ்வொன்றின் பொருளையும், 'ஆம்', 'இல்லை' என்னும் விடைகளின் விளைவுகளையும் தமிழில் விளக்கும் கையேடு ஒன்றை உருவாக்குதல் இத்துறையில் செய்யத்தக்க அடுத்த பணியாகும்.